இரைச்சல் சுவிட்ச்

எஸ்டில் எந்த ரேடியோவைத் திறப்பதற்கு முன்பும் ஒரு காரியம் செய்வார். எல்லாக் குமிழ்களையும் இடது கோடிவரை திருப்பிவிடுவார். எல்லாச் சுவிட்சுகளையும் கீழே தள்ளிவிடுவார். பழைய ரேடியோவைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேரிடம் பழுது என்று ஒன்றும் இருக்காது. ஏதாவது ஒரு குமிழ் இருக்கக் கூடாத இடத்தில் இருக்கும், அவ்வளவுதான். எனவே முதலில் எல்லாவற்றையும் அதனதன் வீட்டுக்கு அனுப்பிவிட்டுப் பிறகு நோயைப் பார்க்க வேண்டும் என்பார். லாரல் ஓடைப் பக்கம் நிலக்கரி லாரி ஓட்டுகிறவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்ள வண்டியில் வைத்திருக்கும் ரேடியோ ஒவ்வொன்றும் ஒருமுறையாவது அவர் மேசைக்கு வந்து போயிருந்தது.

டெல்ஃபியா கொண்டுவந்த ரேடியோவுக்கும் அதையேதான் செய்தார். அவள் அதைத் துவாலையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தாள். மேசைமேல் வைத்துப் பிரித்ததும் கரித்தூள் கொட்டியது. முன்பக்கத்தின் ஒரு மூலை நசுங்கியிருந்தது. மைக்கின் சுருள் ஒயர் நீண்டு தொங்கியது. குமிழ்களைத் திருப்பிச் சுவிட்சுகளைத் தள்ளி முடித்த பிறகுதான் எஸ்டில் கேட்டார்.

"யாரோடது?"

"வெர்லினோடது."

கணப்பருகே நாற்காலியில் சாய்ந்திருந்த லாரி டிரைவர் டில்லர்டின் வாயில் புகையிலை மெல்வது நின்றது. எஸ்டில் துணியை எடுத்து, துடைக்க ஒன்றுமில்லாத இடத்தைத் துடைத்தார்.

"இதைச் சரி பண்ணணுமா, விக்கணுமா, என்னம்மா செய்யணும்?"

"வேலை செய்யுதான்னு பாக்கணும். இப்ப செய்யுதான்னு இல்ல, எஸ்டில். அன்னிக்குச் செஞ்சுதான்னு."

அவள் என்ன கேட்கிறாள் என்பது கடையிலிருந்த இரண்டு பேருக்குமே தெரியும்.

மலை உச்சிச் சுரங்கத்திலிருந்து ஓடைக்கரையில் ரயிலில் கரி ஏற்றும் இடம்வரை இறங்குகிற பாதையில் ஒரு லாரிதான் போகலாம். ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமில்லை. வழிநெடுக எண் எழுதிய பலகைகள் உண்டு. ஒவ்வொரு பலகையைத் தாண்டும்போதும் டிரைவர் மைக்கை எடுத்துப் பலகையின் எண்ணையும், லோடா காலியா என்பதையும், ஏறுகிறானா இறங்குகிறானா என்பதையும் சொல்ல வேண்டும். "அஞ்சு, லோடு, இறங்குறேன்." அதைக் கேட்டதும் காலியாக ஏறி வருகிறவன் பக்கத்திலுள்ள ஒதுங்குமிடத்தில் நின்று வழிவிட வேண்டும். எந்தச் சட்டப்புத்தகத்திலும் இல்லாத விதி இது. வருஷக்கணக்கில் சர்ச் வாசலை மிதிக்காதவன்கூடப் பலகை சொல்லத் தவற மாட்டான்.

ஆகஸ்ட் கடைசியில் ஒரு சனிக்கிழமை பிற்பகல், மற்ற லாரிகளெல்லாம் நின்றுவிட்ட பிறகு, பாதையில் இரண்டு லாரிகள் மட்டும் இருந்தன. லோடுடன் இறங்கியவன் டெல்ஃபியாவின் கணவன் வெர்லின். கடைசி லோடுக்காகக் காலியாக ஏறியவன் அவளுடைய அண்ணன் ஹோபர்ட். ஐந்தாம் பலகைக்கும் ஆறாம் பலகைக்கும் நடுவிலுள்ள வளைவில் இருவரும் மோதினார்கள். வெர்லினின் லாரி பாதையைவிட்டுப் போய்விட்டது. ஹோபர்டுக்குத் தோள்பட்டை எலும்பு முறிந்தது.

"நான் ஒவ்வொரு பலகையிலயும் கூப்பிட்டேன். அவன்தான் கூப்பிடல," என்று ஹோபர்ட் ஷெரிஃபிடம் சொன்னான்.

அந்தப் பாதையின் பேச்சு மலை முதுகைத் தாண்டி வேறெங்கும் கேட்காது; சனிக்கிழமை பிற்பகலில் எஸ்டிலின் கடையும் பூட்டியிருக்கும். கேட்கிற ஒரே வீடு பாதையின் அடிவாரத்தில் இருக்கும் டெல்ஃபியாவின் வீடு. சமையலறை ஜன்னலோரம் ஒரு ரேடியோ வைத்திருந்தாள். உச்சியிலிருந்து கிளம்பும்போது வெர்லின் அவளைக் கூப்பிடுவான், அவள் சோளரொட்டி மாவை வாணலியில் ஊற்றி அடுப்புக்குள் வைப்பாள், அவன் குளித்துவிட்டு வரும்போது ரொட்டி வெந்திருக்கும். அன்றும் கூப்பிட்டான். ஷெரிஃப் கேட்டபோது அவள் அதைத்தான் சொன்னாள்.

"மேலேருந்து கிளம்பறப்ப என்கிட்ட பேசினாரு. நல்லாவே கேட்டுச்சு."

"அதுக்கப்புறம்? ஹோபர்ட் கூப்பிட்டானா?"

"நான் கேக்கல."

மீதிக் கணக்கை ஊரே போட்டுக்கொண்டது. வெர்லினுடைய ரேடியோ வேலை செய்தது. அவன் பெண்டாட்டியே சாட்சி; அவன் பலகை சொன்னது அவளுக்குக் கேட்டதா என்று யாரும் கேட்கவில்லை. அடிவாரத்து வீட்டுக்கு ஹோபர்டின் குரல் கேட்கவில்லை. அப்படியானால் ஹோபர்ட் கூப்பிடவே இல்லை. சனிக்கிழமை அவசரத்தில் பாதை காலி என்று நினைத்து ஏறியிருக்கிறான். இப்போது செத்தவன் தலையில் பழியைப் போடுகிறான். வழக்கு ஒன்றும் போடவில்லை. கம்பெனி அவனை வேலைக்குக் கூப்பிடுவதை நிறுத்திக்கொண்டது. ரேடியோவில் ஒவ்வொரு டிரைவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு. கெட்டவார்த்தை பேசாத ஹோபர்டுக்குப் பாதிரி என்று பெயர். இப்போது அவனை ஊமைப் பாதிரி என்றார்கள். அதை முதலில் சொன்னது டில்லர்ட்.

அடக்கத்தன்று ஹோபர்ட் ஒரு கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டபடி வந்து கல்லறைத் தோட்டத்தின் வேலியோரம் நின்றான். எல்லாரும் போன பிறகு கிட்டே வந்தான். "அம்மா மேல சத்தியமா கூப்பிட்டேன், தங்கச்சி." அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதற்குப் பிறகு அவனுக்குக் கதவு திறக்கவில்லை. ஒருநாள் அவள் வெளியே போயிருந்தபோது, நல்ல கையை மட்டும் வைத்துக்கொண்டு எப்படியோ குளிர்காலம் முழுக்கத் தாங்குகிற விறகைக் கொண்டுவந்து தாழ்வாரத்தில் அடுக்கிவிட்டுப் போயிருந்தான். அவள் அதிலிருந்து ஒரு துண்டுகூட எடுக்கவில்லை.

பிறகு கம்பெனி வெர்லினுடைய சாமான்களைக் கொடுத்தனுப்பியது. சாப்பாட்டுத் தூக்கு, கையுறை, இந்த ரேடியோ. அவளிடம் பேசி முடித்த பிறகு, முதல் பலகையை எட்டுவதற்குள், இந்த ரேடியோ செத்துப்போயிருந்தால் என்று டெல்ஃபியாவுக்கு ஒரு சந்தேகம் வந்தது. அப்படியானால் அண்ணன் சொன்னது உண்மை.

"பாத்துடலாம்," என்றார் எஸ்டில்.

ஃபியூஸ் எரிந்திருந்தது. வேறு போட்டார். பேட்டரியில் கொடுத்து, லாரிக்காரர்கள் எல்லாரும் பேசுகிற சேனலுக்குத் திருப்பியதும் பதினேழு என்ற எண் சிவப்பாக எரிந்தது. ஒலியைக் கூட்டியதும் மழைபோல் ஒரு சீறல் கேட்டது. ஏரியல் ஒயரை மாட்டினார். நெடுஞ்சாலையில் போகிற யாரோ தன் மாமியாரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தான்.

"கேக்குது," என்றார். "இப்ப பேசுதான்னு பாப்போம்."

மைக்கின் பொத்தானை அழுத்தினார். மீட்டரின் முள் அசையவில்லை. மறுபடி அழுத்தினார்.

டெல்ஃபியா மேசைமீது குனிந்தாள். "பேசலையா?"

"இரு."

அந்த மைக்கைக் கழற்றிவிட்டுத் தன்னுடைய மைக்கை மாட்டி அழுத்தினார். முள் துள்ளி எழுந்தது. அப்படியானால் ரேடியோ நன்றாக இருக்கிறது, மைக்கில்தான் கோளாறு. ஒயர் மைக்குக்குள் நுழையும் கழுத்தருகே ரப்பரைப் பிளேடால் கீறித் திறந்தார். உள்ளே ஒரு கம்பி அறுந்து கிடந்தது.

"அப்ப அவரால பேச முடிஞ்சிருக்காது," என்றாள் டெல்ஃபியா. அவள் குரல் அந்த அறையில் வேறு யாருடையதோ போல் ஒலித்தது. "அவரு கூப்பிட்டிருப்பாரு. வெளிய போயிருக்காது. அப்படித்தானே?"

எஸ்டில் விளக்கைத் தாழ்த்தினார். பூதக்கண்ணாடியை இழுத்துவைத்துக் கம்பியின் நுனியைப் பார்த்தார். வேண்டுமென்றே நேரமெடுப்பதுபோல் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இங்க பாரு, டெல்ஃபியா. இந்த இடத்துல ஒயர் தானா அறுந்து போறது சகஜம்தான். ஆனா அது நாள்பட வளைஞ்சு வளைஞ்சு, ஒவ்வொரு இழையா அறும். நுனியெல்லாம் கறுத்துக் கிடக்கும். இது எல்லா இழையும் ஒண்ணா அறுந்திருக்கு. செம்பு மினுக்குது பாரு. யாரோ ஒரே இழுப்பா இழுத்த மாதிரி." கண்ணாடியைத் தள்ளிவைத்தார். "லாரி உருண்டப்ப அறுந்தது இது. ஃபியூஸும் அப்பத்தான் போயிருக்கும்."

"அதுக்கு முன்னாடி?"

"அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்திருக்கு."

டில்லர்ட் புகையிலைச் சாற்றைத் தகரக் குவளையில் துப்பினான். "இதுக்கு ரேடியோவை வேற பிரிக்கணுமா? நான் அன்னிக்கே சொன்னேன்ல."

"வாயை மூடு, டில்லர்ட்."

"உண்மையைச் சொன்னா வாயை மூடு. பொய் சொன்னா பாதிரி."

டெல்ஃபியா துவாலையை எடுத்து நான்காக மடித்தாள். "உங்க லாரி வெளியிலதான நிக்குது?" என்று டில்லர்டிடம் கேட்டாள். "எங்க வீட்டுத் தாழ்வாரத்துல விறகு இருக்கு. அதை ஏத்திட்டுப் போயி எங்க அண்ணன் வீட்டு முத்தத்துல கொட்டிடுங்க. அடுக்க வேண்டாம். கொட்டினாப் போதும்."

"ரேடியோ?" என்றார் எஸ்டில்.

"எனக்கு வேண்டாம். யாராவது கேட்டாக் குடுத்துடுங்க."

மைக் ஒயரைப் பற்றவைத்து, கழுத்தில் புது ரப்பர் போட்டு, எஸ்டில் அந்த ரேடியோவை அலமாரியில் வைத்து ஓடவிட்டார். பழைய ரேடியோ எதுவும் தன் கடையில் சில நாள் நிற்காமல் ஓடிய பிறகுதான் வெளியே போக வேண்டும் என்பது அவர் வழக்கம். சூடேறின பிறகு வாய் திறக்கிற பழுதுகள் உண்டு. வேறு வேலைகளைப் பார்த்துக்கொண்டே ஒரு காதை அதன் பக்கம் வைத்திருந்தார். அது ஒழுங்காகப் பாடிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்திலேயே கடையின் பெரிய ரேடியோவும் அதே பதினேழில் ஓடிக்கொண்டிருந்ததால், ஒவ்வொரு குரலும் இரண்டு முறை கேட்டது.

அடுத்த வாரம் ஒரு காலை பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் தொடங்கினார்கள். இரண்டு ரேடியோவும் கரகரவென்று கத்தின. எஸ்டில் எட்டிப் பெரிய ரேடியோவின் ஒலியைக் குறைத்தார். வெர்லினுடையதில் வலது ஓரத்தில் 'இரைச்சல்' என்று எழுதிய சின்னச் சுவிட்ச் இருந்தது. எஞ்சின், மின்சாரம் போன்றவற்றின் வெடிப்பொலியைக் கொஞ்சம் மட்டுப்படுத்துவதற்காக எல்லா ரேடியோவிலும் அப்படி ஒன்றை வைத்திருப்பார்கள். அதை மேலே தட்டினார்.

கரகரப்பு சட்டென்று நின்றது.

அந்தச் சுவிட்ச் இவ்வளவு நன்றாக வேலை செய்து அவர் பார்த்ததே இல்லை. சற்று நேரம் சந்தோஷமாகக்கூட இருந்தது. பெரிய ரேடியோவில் டில்லர்ட் யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான். எஸ்டில் கையிலிருந்த திருப்புளியைக் கீழே வைத்தார். டில்லர்டின் குரல் ஒருமுறைதான் கேட்டது.

வெர்லினின் ரேடியோவுக்கருகில் காதை வைத்தார். மெல்லிய சீறல், சுத்தமான, காலியான சீறல். எண் பதினேழு என்றே காட்டியது. மைக்கை எடுத்து அழுத்திப் பேசினார். முள் துள்ளி எழுந்தது. ஒரு முழம் தள்ளியிருந்த பெரிய ரேடியோ அவர் பேச்சைக் கேட்கவில்லை. சுவிட்சைக் கீழே தட்டினார். டில்லர்ட் திரும்பி வந்தான். மேலே தட்டினார், போய்விட்டான்.

அடிமூடியின் திருகுகளைக் கழற்றினார். சுவிட்சுக்குப் போக வேண்டிய இரண்டு கம்பிகள் வெட்டப்பட்டு, டேப் சுற்றி ஓரமாக மடிக்கப்பட்டிருந்தன. அவற்றின் இடத்திலிருந்து ஒரு மஞ்சள் கம்பி, மயிரிழை போல, சேனலைத் தீர்மானிக்கிற சர்க்யூட் அட்டைக்குப் போனது. யாருடைய வேலை என்று சொல்ல முடியாது. சட்டம் அனுமதித்த சேனல்களுக்கு மேலே ரகசியமாகப் போய் தூரதேசத்துக்காரர்களோடு பேச ஆசைப்படுகிறவர்கள் செய்துகொள்கிற வேலை இது. எஸ்டிலே கேட்டவர்களுக்குச் செய்து கொடுத்ததுண்டு. அதற்கென்று தனிச் சுவிட்ச் வைத்துக் கொடுப்பார். சோம்பேறிகளும் அதிகாரிகளின் சோதனைக்குப் பயந்தவர்களும் புதிதாக ஓட்டை போடாமல் இருக்கிற சுவிட்சையே திருடிக்கொள்வார்கள். அப்படி யாரோ ஒருவன் இதைத் தனக்காகச் செய்து, தனக்குத் தெரியும் என்பதால் வெளியே எதையும் மாற்றி எழுதாமல், பிறகு ஒருநாள் சந்தையில் விற்றுவிட்டுப் போயிருக்கிறான். வெர்லின் அதை ஜூலையில் பழஞ்சாமான் சந்தையில் வாங்கினான். வாங்கியதும் கடைக்கு வந்து காட்டிப் பெருமையடித்தது எஸ்டிலுக்கு நினைவிருந்தது. அன்று அவர் அதைத் திறந்து பார்க்கவில்லை. வெர்லின் திறக்கச் சொல்லவும் இல்லை.

எஸ்டில் சொல்லியனுப்பி, பிற்பகலில் டெல்ஃபியா வந்தாள். எஸ்டில் அவளை உட்காரவைத்து, சுவிட்சை மேலும் கீழும் தட்டிக் காட்டினார். வேகமாகப் பேசினார். அவருக்கு நல்ல செய்தி சொல்லிப் பழக்கமில்லை.

"இதுதான்மா நடந்திருக்கும். இதை மேல தட்டிட்டா வெர்லின் வேற உலகத்துல இருக்கான். எண் பதினேழுன்னுதான் காட்டும். அவன் பாட்டுக்குப் பலகை சொல்லிக்கிட்டே வந்திருப்பான். முள்ளும் ஆடும். ஒருத்தருக்கும் கேக்காது. உங்க அண்ணன் கூப்பிட்டது இவனுக்குக் கேக்காது. ரெண்டு பேரும் கூப்பிட்டிருக்காங்க. ரெண்டு பேருக்கும் பாதை காலியா இருந்திருக்கு."

அவள் சுவிட்சையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆனா ஒண்ணு," என்றார் எஸ்டில், குரல் இறங்கி. "சொல்லிடறேன். நீ இதைக் கொண்டுவந்தப்ப இந்தச் சுவிட்ச் மேல இருந்துச்சா கீழ இருந்துச்சான்னு எனக்குத் தெரியாது. கேக்கறதுக்கு முன்னாடியே கையால எல்லாத்தையும் கீழ தள்ளிட்டேன். என் பழக்கம் அது. அதனால இதை வச்சு ஷெரிஃப்கிட்டப் போக முடியாது. அவன் அதைத் தொட்டானா இல்லையான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்," என்றாள் டெல்ஃபியா.

அன்று வெர்லின் உச்சியிலிருந்து கூப்பிட்டபோது அவள் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள். புது ரேடியோ வந்ததிலிருந்தே அவன் பேச்சோடு கூட ஒரு கீச்சொலி ஒட்டிக்கொண்டு வந்தது. எஞ்சின் வேகமெடுத்தால் அதுவும் ஏறும். ரேடியோவில் அவன் பெயர் ஊறுகாய், அவள் பெயர் கரண்டி.

"ஊறுகாய் பேசறேன். கரண்டி இருக்கியா?"

"இருக்கேன். உன் பேச்சைக் கேட்டா காதுல கொசு புகுந்த மாதிரி இருக்கு."

"கொசுவையும் சேத்துத்தான் வித்தான். கொசுவுக்குத் தனியாக் காசு வாங்கல."

"எல்லாம் விளையாட்டு உனக்கு. அதுல இரைச்சல்னு ஒரு சுவிட்ச் இருக்கே, அன்னிக்கு வண்டியில ஏறினப்பப் பாத்தேனே, அதைத் தட்ட மாட்டியா? நாலு நாளாச் சொல்றேன். இன்னிக்குத் தட்டல, நான் இதை அணைச்சிடுவேன்."

"சரி முதலாளியம்மா. இரு, தட்டறேன்."

அதோடு சரி. அவள் காத்திருந்தாள். ஊறுகாய் என்று கூப்பிட்டாள். பதிலில்லை. நச்சரித்ததற்காகப் பழிவாங்குகிறான் என்று நினைத்தாள். எனக்கும் பழிவாங்கத் தெரியும் என்று எழுந்து போய் ரேடியோவை அணைத்துவிட்டு வந்து மறுபடி பீன்ஸ் நறுக்கினாள்.

இதையெல்லாம் அவள் எஸ்டிலிடம் மெதுவாக, மேசையைப் பார்த்தபடி சொன்னாள். "செட்டு அணைஞ்சிருந்துச்சு. அண்ணன் கூப்பிட்டதை நான் எப்படிக் கேப்பேன்? ஷெரிஃப் கேட்டப்ப நான் கேக்கலன்னுதான் சொன்னேன். அது உண்மைதான். ஏன் கேக்கலன்னு அவரு கேக்கல, நானும் சொல்லல."

எஸ்டில் திருப்புளியைப் பெட்டிக்குள் போட்டார்.

"இந்தச் சுவிட்சு," என்றாள், "ஒழுங்கா இருந்திருந்தா அந்தக் கொசுச் சத்தம் நின்னிருக்குமா?"

அவருக்குப் பொய் சொல்லத் தோன்றியது. "இல்லம்மா. இது நமக்குக் கேக்கற இரைச்சலைத்தான் குறைக்கும், அதுவும் கொஞ்சம்தான். நாம பேசறதுல ஒட்டிக்கிட்டுப் போற சத்தம் வண்டியில கரண்ட் உண்டாக்கற ஆல்டர்னேட்டர்லேருந்து வர்றது. அதுக்குப் பேட்டரி ஒயர்ல ஒரு சின்னச் சுருள் போடணும்."

"நீங்க போடுவீங்களா அதை?"

"யாரு வேணும்னாலும் போடலாம்."

அவள் தலையசைத்தாள். "உங்க பெரிய ரேடியோ எவ்வளவு தூரம் போகும்?" என்று கேட்டாள்.

"ஓடை முழுக்கப் போகும். ஏரியல் மலைமேல இருக்கு. ஆனா இப்ப வேண்டாம், டெல்ஃபியா. இப்ப ஷிஃப்ட் விடற நேரம். எல்லாரும் வண்டியில இருப்பாங்க."

"அதான்."

நெடுஞ்சாலையில் வீடு திரும்புகிறவர்களின் பேச்சு கலகலத்துக்கொண்டிருந்தது. அவள் மைக்கை எடுத்து இடைவெளிக்குக் காத்திருந்தாள்.

"கரண்டி பேசறேன்."

வெர்லின் போன பிறகு அந்தப் பெயர் ரேடியோவில் கேட்டதில்லை. எல்லாக் குரல்களும் நின்றன.

"எங்க அண்ணன் ஒவ்வொரு பலகையிலயும் கூப்பிட்டாரு. ஊறுகாயும் கூப்பிட்டாரு. அவரு ரேடியோவுல இரைச்சல் சுவிட்சை எவனோ மாத்தி வச்சிருந்தான். தட்டினா சேனல் மாறிடும், எண் மாறாது. அவருக்குத் தெரியாது. தட்டச் சொன்னது நான். அதுக்கப்புறம் கோவத்துல என் செட்டை அணைச்சிட்டேன். அதனாலதான் எனக்கு ஒண்ணும் கேக்கல. எங்க அண்ணன் மேல தப்பில்ல. அவ்வளவுதான். அண்ணே, கேக்குதா?"

பொத்தானை விட்டாள். சீறல் மட்டும் வந்தது. வெளியே ஒரு லாரி கியர் மாற்றிக்கொண்டு போனது.

"அண்ணே?"

பிறகு டில்லர்டின் குரல் வந்தது, வழக்கமான கிண்டல் இல்லாமல். "கரண்டி, அவருக்குக் கேக்காது. வண்டியிலருந்து ஏரியலைக் கழட்டிட்டாரு. விறகு கொட்டப் போனப்பப் பாத்தேன்." பொத்தான் சொடுக்கியது. "எங்களுக்குக் கேட்டுச்சு."

அன்று மாலை டெல்ஃபியா வெர்லினின் ரேடியோவோடு போனபோது, ஹோபர்டின் முற்றத்தில் விறகு கொட்டிய இடத்திலேயே கிடந்தது. சில துண்டுகள் சரிந்து உருளைக்கிழங்குப் பாத்திக்குள் விழுந்திருந்தன. அவன் பாத்தி ஓரம் உட்கார்ந்து இடது கையால் கிழங்குகளின் மண்ணை உதிர்த்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் எழவில்லை.

அவள் அவனுடைய வண்டியின் முன்மூடியைத் திறந்து, எஸ்டில் சொல்லிக்கொடுத்தபடி பேட்டரியில் ரேடியோவின் கவ்விகளை மாட்டினாள். தன் வண்டியிலிருந்து ஏரியலைக் கொண்டுவந்து வைத்தாள். நெடுஞ்சாலைக் குரல்கள் வந்தன. சுவிட்சை மேலே தட்டினாள். போய்விட்டன. கீழே தட்டினாள். வந்தன. இதற்குள் அவன் எழுந்து பக்கத்தில் வந்து நின்றான்.

எஸ்டிலிடம் சொன்னதையெல்லாம் அவனிடம் மறுபடி சொன்னாள். ஊர் முழுக்கச் சொன்னதைவிட ஒரு ஆளிடம் சொல்வது கஷ்டமாக இருந்தது.

அவன் முதலில் சொன்னது அவள் எதிர்பார்த்ததல்ல.

"அப்ப அவன் கூப்பிட்டிருக்கான்."

"ஒவ்வொரு பலகையிலயும் கூப்பிட்டிருப்பாரு, அண்ணே. ஒண்ணைக்கூட விட்டிருக்க மாட்டாரு."

"நான் தினம் அவனோட சண்டை போட்டுக்கிட்டிருந்தேன்," என்றான் ஹோபர்ட். "ஏன்டா மச்சான் கூப்பிடல, ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ஒதுங்கியிருப்பேனேடா, வாய்கிழியப் பேசுவியே, அன்னிக்கு என்னடா கேடுன்னு. என் வாயில வராத வார்த்தையெல்லாம் சொல்லித் திட்டியிருக்கேன் அவனை." மண் ஒட்டிய கையை நெஞ்சருகே வைத்துக்கொண்டான். "பாவி. அவன் கூப்பிட்டிருக்கான்."

அவள் அவன் தோளைத் தொடப் போனாள். அவன் நகரவில்லை, ஆனால் அது முறிந்த தோள் என்று நினைவு வந்து அவளே கையை எடுத்துக்கொண்டாள்.

"செட்டு அணைஞ்சிருந்துச்சுன்னு அன்னிக்கே சொல்லியிருக்கலாமே, தங்கச்சி."

"சொல்லியிருக்கணும்."

"ஏன் சொல்லல?"

"கடைசியாப் பேசினது சண்டைன்னு சொல்ல வேண்டியிருக்குமேன்னுதான்."

அவன் அதை யோசித்துப் பார்ப்பதுபோல் பாத்தியைப் பார்த்தான். கவ்விகளைக் கழற்றி, ஒயரை ஒழுங்காகச் சுற்றி, ரேடியோவை அவளிடம் கொடுத்தான். உள்ளே வா என்று கூப்பிடவில்லை. அவள் வண்டியில் ஏறியபோதுதான் கிட்டே வந்தான்.

"அந்தச் சுவிட்சை இப்படியே விட்டுடாதே. நாளைக்கு வேற எவனாவது வாங்கிடுவான்."

மறுநாள் காலை எஸ்டில் மஞ்சள் கம்பியை வெட்டினார். ஓரமாக மடிக்கப்பட்டிருந்த இரண்டு கம்பிகளின் டேப்பைப் பிரித்து, நுனியைச் சுரண்டி, அவை முதலில் இருந்த இடத்திலேயே பற்றவைத்தார். ஈயப்புகை எழுந்து கலைந்தது. டெல்ஃபியா மேசைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். ஹோபர்ட் வந்திருந்தான், தன் வண்டியில் தனியாக வந்து, கதவருகே நின்றுகொண்டான். டில்லர்ட் நாற்காலியைக் காலிசெய்து அவன் பக்கம் நகர்த்தினான். அவன் உட்காரவில்லை.

எஸ்டில் மூடியைப் போட்டுத் திருகினார். பேட்டரியைக் கொடுத்தார். பக்கத்துப் பட்டறையில் வெல்டிங் நடந்துகொண்டிருந்தது, ரேடியோ கரகரத்தது. அந்தக் கரகரப்புக்கு நடுவே யாரோ யாரிடமோ வானிலை கேட்டுக்கொண்டிருந்தான்.

"தட்டிப் பாரு," என்றார்.

டெல்ஃபியா சுவிட்சை மேலே தட்டினாள். கரகரப்பு ஒரு சுற்று மெலிந்தது. உற்றுக் கேட்டால்தான் தெரியும். வானிலை கேட்டவன் பேசிக்கொண்டே இருந்தான். அவள் கீழே தட்டினாள். மறுபடி மேலே தட்டினாள்.

"இவ்வளவுதானா இது?"

"இவ்வளவுதான்மா," என்றார் எஸ்டில்.

கதவருகே நின்றிருந்த ஹோபர்ட் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டான். அவள் இன்னும் ஒருமுறை தட்டினாள்.